கை அசைந்தால் பக்கம் அசைய வேண்டும்: வாசகர் கேள்வி–பதில்

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ், அதை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் கொண்டு இணையப் பக்கத்தில் அசைவுகளை அமைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எச்டிஎம்எல் ஓரளவு தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியுள்ளேன்.

கேள்வி: பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு பட்டியல் நழுவி வருமாறு செய்திருக்கிறேன். செட்இன்டர்வெல் மூலம் 10 மில்லிநொடிக்கு ஒரு முறை அதன் லெஃப்ட் மதிப்பைக் கூட்டுகிறேன். என் கணினியில் நன்றாக ஓடுகிறது. நண்பரின் பழைய கைப்பேசியில் திக்கித் திக்கி வருகிறது. எங்கே தவறு, ஐயா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: உங்கள் கணக்கில் தவறில்லை. உலாவி செய்ய வேண்டியதைவிடப் பல மடங்கு வேலையை அதன் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள் என்பதுதான் சிக்கல்.

ஒரு பக்கத்தைத் திரையில் காட்டுவதற்கு உலாவி வரிசையாகச் சில படிகளைக் கடக்கிறது. எந்த உறுப்புக்கு எந்தப் பாணி பொருந்தும் என்று முதலில் பார்க்கிறது. பிறகு ஒவ்வொன்றின் அளவையும் இடத்தையும் கணக்கிடுகிறது. அதன்பின் வண்ணம் தீட்டுகிறது. கடைசியாக, தீட்டிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்க்கிறது. இரண்டாவது படியை லேஅவுட் என்றும், மூன்றாவதை பெயின்ட் என்றும், கடைசிப் படியை காம்போசிட் என்றும் நிரலாளர்கள் சொல்வார்கள். நீங்கள் லெஃப்ட், டாப், விட்த், ஹைட், மார்ஜின் போன்ற பண்புகளைத் தொடும்போதெல்லாம் லேஅவுட்டிலிருந்து தொடங்கி எல்லாப் படிகளையும் உலாவி மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. உறுப்பை நகர்த்தவும் திருப்பவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம், அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஒப்பாசிட்டி ஆகிய இரண்டையும் மாற்றினால், பெரும்பாலும் கடைசிப் படி மட்டும் போதும். ஏற்கெனவே தீட்டிவைத்த ஓர் அட்டையை நகர்த்துவதற்கும், ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து வரைந்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. ஆகவே லெஃப்ட்டை விட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபார்மில் டிரான்ஸ்லேட்எக்ஸ் கொண்டு பட்டியலை நகர்த்துங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பழைய கைப்பேசியில் தெளிவான வேறுபாடு தெரியும்.

அடுத்தது நேரம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு முறை வரையப்படும் காட்சிக்கு, ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 8.3 மில்லிநொடிதான். உங்கள் செட்இன்டர்வெல் இந்தத் தாளத்தைப் பற்றி எதுவும் அறியாமல் 10 மில்லிநொடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டிருக்கிறது. எனவே சில சட்டகங்களில் இரண்டு நகர்வு சேர்ந்துவிடுகிறது, சிலவற்றில் ஒன்றுதான் வருகிறது. கண் அதைத் திக்கலாக உணர்கிறது. ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் என்ற செயற்கூறு, அடுத்த சட்டகம் வரையப்படுவதற்குச் சற்று முன்பு உங்கள் நிரலை அழைக்கிறது. அழைக்கும்போது ஒரு நேர முத்திரையையும் கையில் கொடுக்கிறது. பலர் அந்த முத்திரையைப் பார்க்காமலே ‘சட்டகத்துக்கு ஐந்து பிக்சல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிய அசைவு 120 ஹெர்ட்ஸ் திரையில் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். தொடங்கிய நேரத்துக்கும் இப்போதைய முத்திரைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு, மொத்தப் பயணத்தில் எத்தனை பங்கு முடிந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவதே சரியான முறை.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வகை நிரல்களில் அதை அடிக்கடி பார்க்கிறேன். நூறு உறுப்புகளைச் சுற்றிவரும் ஒரு மடக்கில், ஒவ்வொன்றுக்கும் பாணியை மாற்றிவிட்டு உடனே அதன் அகலத்தைச் சொல்லும் ஆஃப்செட்விட்த் மதிப்பைக் கேட்டால், சரியான விடை சொல்வதற்காக உலாவி நூறு முறையும் லேஅவுட்டைக் கட்டாயமாகச் செய்ய நேரிடும். முதலில் எல்லா அளவுகளையும் படித்துவிடுங்கள், பிறகு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

2006-இல் வெளிவந்த ஜேக்வெரி நூலகம் லெஃப்ட், டாப் மதிப்புகளைக் கடிகாரம் வைத்து மாற்றும் வழக்கத்தைப் பரவலாக்கியது. அன்றைய உலாவிகளில் வேறு வழியும் இல்லை. அந்தக் காலத்துப் பாடங்கள் இன்னும் தேடலில் முன்னால் வருவதால், உங்களைப் போன்றவர்கள் பழைய முறையையே முதலில் கற்றுக்கொள்ள நேர்கிறது.

கேள்வி: ஓர் அசைவை சிஎஸ்எஸ்ஸில் எழுதுவதா, ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுவதா என்று எப்படி முடிவு செய்வது? பெரிய நூலகங்கள் தேவையா?

பதில்: தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் சிஎஸ்எஸ். பயனரின் கை எங்கே போகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கணமும் மதிப்பு மாறுமானால் ஜாவாஸ்கிரிப்ட். பொத்தான் நிறம் மாறுவது, பட்டியல் நழுவி வருவது, அறிவிப்புப் பெட்டி மெல்லத் தோன்றுவது எல்லாம் முதல் வகை. சிஎஸ்எஸ்ஸில் எழுதிய டிரான்ஸ்ஃபார்ம், ஒப்பாசிட்டி அசைவுகளை உலாவி தனி இழையில் ஓட்ட முடியும் என்பதால், உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் வேறு கனமான வேலையில் மூழ்கியிருந்தாலும் அவை தடைப்படுவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது இன்னும் அழகு. சுட்டியின் பக்கம் சாயும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்டர்மூவ் நிகழ்வில், அட்டையின் நடுவிலிருந்து சுட்டி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை −1 முதல் 1 வரையான இரண்டு எண்களாக்கி, அவற்றை சிஎஸ்எஸ் மாறிகளில் வைப்பதோடு ஜாவாஸ்கிரிப்ட்டின் வேலை முடிந்துவிடும். எத்தனை பாகை சாய வேண்டும், நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், ஒளிப்புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த இரண்டு எண்களிலிருந்து சிஎஸ்எஸ்ஸே கணக்கிட்டுக்கொள்ளும். சாய்வு அதிகமாகத் தோன்றினால் பாணிக் கோப்பில் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். நிரலைத் தொட வேண்டாம். ஏழெட்டுப் பாகைக்கு மேல் சாய்த்தால் அட்டையிலுள்ள எழுத்தைப் படிக்க முடிவதில்லை என்பது என் அனுபவம்.

முப்பரிமாணக் காட்சி வேண்டுமானால் த்ரீ.ஜேஎஸ், பல அசைவுகளை ஒரே காலவரிசையில் கோக்க வேண்டுமானால் ஜிசாப் என்று நல்ல நூலகங்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அசைப்பதற்கு அவை வேண்டியதில்லை.

கேள்வி: சுட்டியை மேலே கொண்டுபோனால் அட்டை சற்று உயர்கிறது. ஆனால் கீழ் ஓரத்தில் சுட்டியை வைத்தால் அட்டை வெடவெடவென்று நடுங்குகிறது. காரணம் புரியவில்லை.

பதில்: சுட்டியை அந்த ஓரத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, நடப்பதை நிதானமாகக் கவனியுங்கள். ஹோவர், அதாவது சுட்டி மேலே நிற்கும் நிலை, கிடைத்ததும் அட்டை 8 பிக்சல் உயர்கிறது. உயர்ந்ததால் அதன் கீழ் விளிம்பு சுட்டியைத் தாண்டி மேலே போய்விடுகிறது. இப்போது சுட்டி அட்டையின்மேல் இல்லை, ஹோவர் நீங்குகிறது, அட்டை இறங்குகிறது. இறங்கியதும் மறுபடி சுட்டியின் கீழ் வந்து, மறுபடி உயர்கிறது. நீங்கள் பார்க்கும் நடுக்கம் இந்தச் சுழற்சிதான்.

அட்டையை ஓர் உறையில் வையுங்கள். ஹோவரை அசையாத உறை வாங்கட்டும். உள்ளே இருக்கும் அட்டை மட்டும் உயரட்டும். உறையின் எல்லை நகராததால் சுட்டி அதற்குள்ளேயே இருக்கும், நடுக்கமும் நின்றுவிடும்.

நீங்கள் அனுப்பிய நிரலில், மாற்றத்தை மெல்ல நிகழ்த்தும் டிரான்சிஷன் வரியை ஹோவர் விதிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஏறும்போது மென்மையாக ஏறி, இறங்கும்போது சட்டென்று விழும். அந்த வரியை அட்டையின் அடிப்படை விதிக்கு மாற்றுங்கள். கால அளவையும் 600 மில்லிநொடியிலிருந்து 200 அளவுக்குக் குறைக்கலாம். 0.1 நொடிக்குள் வரும் எதிர்வினையை மனிதர் உடனடியானதாகவே உணர்கிறார் என்பது பயன்பாட்டு ஆய்வில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுவரும் அளவுகோல். கை வைத்ததும் அசைவு தொடங்கிவிட வேண்டும். முடிவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்-அவுட் என்ற வேகமுறை இதற்குப் பொருந்துவது, அது விரைவாகத் தொடங்கி மெல்ல அடங்குவதால்தான்.

தொடுதிரையில் ஹோவர் என்ற நிலையே இயல்பானதன்று. அங்கே ஒரு முறை தொட்டால், வேறிடத்தைத் தொடும்வரை அட்டை உயர்ந்தபடியே நின்றுவிடுவதுண்டு. எனவே இந்த விதிகளை, ஹோவர் வசதியுள்ள கருவிகளுக்கு மட்டும் பொருந்தும் மீடியா வினவலுக்குள் வையுங்கள். விசைப்பலகையால் வருபவருக்காக அதே விளைவை ஃபோகஸ்-விசிபிள் நிலைக்கும் கொடுங்கள்.

கேள்வி: தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு ஆவதுபோல் தோன்றும் விளைவை ஒரு பாடத்தைப் பார்த்துச் செய்தேன். ஆங்கிலத்தில் சரியாக வருகிறது. தமிழில் எழுத்துகள் உடைந்து, புள்ளிகள் தனியாக வட்டத்தின்மேல் நிற்கின்றன. தமிழுக்கு இது முடியாதா? (வடிவமைப்பாளர் ஒருவர்)

பதில்: கட்டாயம் முடியும். இம்முறை வந்த கேள்விகளில் நான் மிகவும் மகிழ்ந்து எழுதும் பதில் இதுதான், ஏனென்றால் நம் எழுத்தின் அமைப்பை அறியாமல் எழுதப்பட்ட பாடங்களால் தமிழ்ப் பக்கங்கள் கெடுவதை நெடுநாளாகப் பார்த்துவருகிறேன்.

நாம் 247 எழுத்துகள் என்று எண்ணுகிறோம். யூனிகோடில் அத்தனைக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிரெழுத்துகளும், அகரமேறிய மெய்களும், ஆய்தமும், உயிர்க்குறிகளும், புள்ளியும் இருக்கின்றன. மற்றவை அவற்றைச் சேர்த்தே உருவாகின்றன. ‘கோயில்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 6 என்று வரும்: க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி. ஸ்பிளிட் கொண்டு வெற்றுச் சரத்தால் பிரித்தால் இந்த ஆறும் தனித்தனியாக விழும்.

இதைத் தட்டச்சு விளைவில் ஓடவிட்டு மெதுவாகப் பாருங்கள். முதலில் ‘க’ தோன்றும். அடுத்த கணம் அதன் முன்னால் ஒரு கொம்பு குதித்து வந்து நிற்க, ‘க’ வலப்பக்கம் தள்ளப்பட்டு ‘கோ’ ஆகும். பிறகு ‘ய’ வந்து ‘யி’ ஆகும். ‘ல’ வந்து ‘ல்’ ஆகும். படிப்பவர் ‘க, கோ, கோய, கோயி, கோயில, கோயில்’ என்று ஆறு நிலைகளைப் பார்க்கிறார். அவற்றில் மூன்று, நாம் யாரும் அந்தச் சொல்லை எழுதும்போது உச்சரிக்காத நிலைகள். நீங்கள் சொல்லும் உடைந்த வட்டம் இன்னும் மோசமான நிலை. ஒவ்வொரு துண்டையும் தனி ஸ்பானுக்குள் இட்டு அதை இன்லைன்-பிளாக் ஆக்கும்போது, புள்ளி தன் மெய்யிலிருந்து பிரிந்துவிடுகிறது. தனித்து நிற்க முடியாத குறி என்பதைக் காட்ட எழுத்துரு அதற்குப் புள்ளிவட்டம் ஒன்றை வரைகிறது.

தீர்வு, எழுத்துகளைப் பிரிக்கும் வேலையை இன்டில்.செக்மென்டர் என்ற வசதியிடம் ஒப்படைப்பது. மொழிக் குறியாகத் தமிழையும், பிரிக்கும் அலகாக கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்பதையும் கொடுத்தால் அது ‘கோ’, ‘யி’, ‘ல்’ என்று மூன்று துண்டுகளைத் தரும். குரோம் 2020 முதல் இதை ஆதரிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் வந்தது. எனவே இப்போது தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

அதன் பிறகும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகிய கூட்டெழுத்துகளை அது ‘க்’, ‘ஷ’ என்றும், ‘ஸ்’, ‘ரீ’ என்றும் இரண்டிரண்டாகப் பிரித்துவிடும். துண்டுகள் கைக்கு வந்ததும், ‘க்’ என்பதை அடுத்து ‘ஷ’ வரிசையில் ஓர் எழுத்து வருகிறதா, ‘ஸ்’ என்பதை அடுத்து ‘ரீ’ வருகிறதா என்று பார்த்து ஒட்டிவிடும் சிறு மடக்கு ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, எழுத்துகளை இன்லைன்-பிளாக் பெட்டிகளாக வைத்தால் சொல்லின் நடுவிலேயே வரி முறியும். எனவே ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஒரு ஸ்பானில் இட்டு, அதற்கு வொயிட்-ஸ்பேஸ் பண்பில் நோராப் கொடுத்து, உள்ளே எழுத்துகளை வையுங்கள்.

பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இப்படி நறுக்கிய தலைப்பை எழுத்தெழுத்தாகப் படித்து அவரை வருத்தக்கூடும். நறுக்கிய பகுதியை வாசிப்பானிடமிருந்து மறைக்கும் ஏரியா-ஹிடன் பண்பை அதற்குக் கொடுத்துவிட்டு, முழுத் தலைப்பையும் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் வாசிப்பானுக்குக் கிடைக்கும் ஓர் உறுப்பாக அருகிலேயே வைத்துவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், தமிழ்த் தலைப்புகளுக்கு எழுத்தெழுத்தாக வருவதைவிடச் சொல் சொல்லாக வருவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நம் சொற்கள் நீளமானவை. ஒரு சொல் முழுதாக மேலெழுந்து வரும்போது அதன் வடிவத்தையே மனம் பற்றிக்கொள்கிறது.

கேள்வி: பக்கத்தை உருட்டும்போது பத்திகள் ஒவ்வொன்றாக எழுந்து வருமாறு செய்ய விரும்புகிறேன். ஸ்க்ரோல் நிகழ்வைப் பயன்படுத்தினால் கனமாக இருக்கிறது.

பதில்: ஸ்க்ரோல் நிகழ்வு உருட்டும்போது ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு முறையும் எல்லாப் பத்திகளின் இடத்தையும் அளந்தால் கனக்கத்தான் செய்யும். இன்டர்செக்‌ஷன்அப்சர்வர் என்ற வசதி, ஓர் உறுப்பு திரையின் பார்வைப் பகுதிக்குள் நுழையும்போதும் அதைவிட்டு வெளியேறும்போதும் உங்களுக்குச் சொல்லும். நுழைந்ததும் ஒரு கிளாஸைச் சேர்த்துவிட்டு, அந்த உறுப்பைக் கண்காணிப்பதை நிறுத்திவிடுங்கள். மேலும் கீழும் உருட்டும்போதெல்லாம் ஒரே பத்தி திரும்பத் திரும்ப எழுந்து வருவது படிப்பவருக்கு இடையூறு.

ஒரு பிழையை நானே செய்து பாடம் கற்றிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு அமைப்புக்காகத் தளம் அமைத்தபோது, எல்லாப் பத்திகளுக்கும் பாணிக் கோப்பிலேயே ஒப்பாசிட்டியைச் சுழியமாக வைத்தேன். திரைக்குள் வரும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை 1 ஆக்கும் என்பது ஏற்பாடு. ஒரு நாள் வேறொரு கோப்பில் நான் விட்ட பிழையால் நிரல் முழுவதும் நின்றுபோனது. தலைப்புப் பட்டை மட்டும் தெரிந்தது; கீழே எல்லாம் வெற்று வெள்ளை. எழுத்துகள் அங்கேயே இருந்தும் யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்து, தளத்தை மூடிவிட்டீர்களா என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து மறைக்கும் விதியைத் தனியாக எழுதுவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நல்லபடியாகத் தொடங்கியதும், கண்காணிப்பை அமைத்து முடித்த அதே வரியில் பக்கத்தின் வேர் உறுப்புக்கு ஒரு கிளாஸைச் சேர்க்கிறேன். அந்த கிளாஸ் இருந்தால் மட்டுமே பத்திகள் மறையும். நிரல் ஓடாவிட்டால் அசைவு இருக்காது, ஆனால் எழுத்து இருக்கும்.

முதல் திரையில் தெரியும் பத்திக்கு இந்த விளைவே வேண்டாம். படிக்க வந்தவரை அங்கே காக்கவைக்கக் கூடாது.

கேள்வி: நான் நிரல் எழுதுபவள் அல்லள்; வாசகி. பின்னணிப் படம் ஒரு வேகத்திலும் எழுத்து ஒரு வேகத்திலும் நகரும் பக்கங்களைப் பார்த்தால் எனக்குத் தலைசுற்றி, குமட்டல் வருகிறது. இது என் உடல்நிலை மட்டுமா? தளம் அமைப்பவர்கள் இதற்கு ஏதாவது செய்ய முடியாதா?

பதில்: உங்களுக்கு மட்டும் உரியதன்று, அம்மா. நம் சமநிலையை உணர்வது உட்செவி. கண், ‘எல்லாம் நகர்கிறது’ என்கிறது. உட்செவி, ‘நீ அசையாமல் உட்கார்ந்திருக்கிறாய்’ என்கிறது. இந்த முரண்பாடு சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தருகிறது. பயணத்தில் வரும் குமட்டலுக்கும் இதேபோன்ற முரண்பாடுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. உட்செவிக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு சிறு அசைவே அன்றைய வேலையைக் கெடுத்துவிடலாம்.

நீங்கள் செய்யக்கூடியது: கைப்பேசி, கணினி இரண்டின் அமைப்புகளிலும் அணுகல்தன்மை என்ற பகுதியில் அசைவைக் குறைக்கும் தெரிவு இருக்கும். அதை இயக்கிவிடுங்கள். உலாவி அந்த விருப்பத்தைத் தளங்களுக்குத் தெரிவிக்கும்.

அதைக் கேட்டு நடப்பது தளம் அமைப்பவரின் கடமை. பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற மீடியா வினவல் இதற்காகவே இருக்கிறது. இன்றைய முக்கிய உலாவிகள் அனைத்தும் அதை ஆதரிக்கின்றன. இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளும் தெளிவாகவே சொல்கின்றன: தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும், வலிப்பு வரக்கூடியவர்களை மனத்தில் கொண்டு, எதுவும் ஒரு நொடிக்குள் 3 முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது.

நிரலாளர்களுக்கு இரண்டு சொற்கள். குறைப்பது என்றால் எல்லாவற்றையும் அணைப்பது என்று பொருளன்று. வெவ்வேறு வேகத்தில் நகரும் அடுக்குகள், பெரிதாகி நெருங்கி வரும் படங்கள், திரையைக் கடந்து பறக்கும் பகுதிகள் ஆகியவற்றை நீக்குங்கள். மெல்லத் தோன்றி மறைவது, நிறம் மாறுவது போன்றவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, அவை இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓட்டும் அசைவுகளை சிஎஸ்எஸ் விதி நிறுத்தாது என்பதால், அங்கே மேட்ச்மீடியா கொண்டு தனியாகக் கேட்க வேண்டும். பயனர் பக்கத்தைத் திறந்துவைத்தபடியே அமைப்பை மாற்றக்கூடும். அந்த மாற்றத்துக்கும் காதுகொடுங்கள்.

இதைச் செய்யும்போது பலர் டிரான்சிஷனை ‘நன்’ (‘எதுவும் இல்லை’) என்று வைத்துவிட்டுப் புதிய தொல்லையில் மாட்டிக்கொள்கிறார்கள். டிரான்சிஷன்எண்ட் நிகழ்வு வந்தபின் அறிவிப்புப் பெட்டியை நீக்குவதுபோல் நிரல் எழுதியிருந்தால், அசைவே இல்லாதபோது அந்த நிகழ்வும் எழாது; கண்ணுக்குத் தெரியாத பெட்டி பக்கத்தின் மேலேயே கிடந்து எல்லாச் சொடுக்குகளையும் விழுங்கிக்கொண்டிருக்கும். கால அளவை 0.01 மில்லிநொடியாக வைத்தால் கண்ணுக்கு அசைவு தெரியாது, நிகழ்வு மட்டும் வந்து சேரும். மாற்றியதும் உங்கள் கருவியிலேயே அசைவைக் குறைக்கும் தெரிவை இயக்கிவிட்டு, பட்டியலைத் திறந்து மூடி, பெட்டியை மூடி, அடியில் உள்ள பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.